கோதுமை படாத மஃபின்

எங்கள் கடையில் மாலை ரொட்டி நாலு மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும். மூன்றரைக்கே வந்து நின்றுகொண்டு, "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டே அதை வேகவைத்துவிடலாம் என்று நினைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களில் ஒருவரையும் எனக்குப் பிடிக்காது. முப்பத்தைந்து வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவனுக்கு மனிதர்கள்மேல் பிரியம் மிஞ்சியிருந்தால் அதுவே அதிசயம். பெண்சாதி செத்து நாலு வருடமாகிறது. மகன் டோனி பிரான்சில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பேத்தியிடம் கொடுத்துவிடுவான். அவளுக்குத் தமிழ் வராது. அவள் பேசுகிற வேகத்துக்கு எனக்குப் பிரெஞ்சு வராது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டு போனை வைப்போம்.

இப்படிப்பட்ட லூர்துநாதனாகிய நான், ஒரே ஒருத்தருக்காக மட்டும் நாலு மணிக்குச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வேன். பிரிஸ்கில்லா மதாம். கலியாணம் செய்துகொள்ளாதவர், ஐம்பதைத் தாண்டியிருக்கும். அப்பா விட்டுப்போன வீட்டில் கீழே அவர் இருந்தார். மாடியில், ஆராய்ச்சி படிக்க வந்த இரண்டு பிரெஞ்சுக்காரப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுக்காகத் தினமும் இரண்டு நீட்டு ரொட்டி வாங்க வருவார். வாங்கியதும் போய்விடமாட்டார். தட்டு அடுக்குகிற மேசைப் பக்கத்தில் கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நிமிடம் எதையாவது பேசுவார். கரண்ட் போனது, மாதா கோயில் மைக் கரகரத்தது, கடற்கரையில் யாரோ தொப்பியைப் பறிகொடுத்தது. ஒன்றுக்கும் உதவாத பேச்சுதான். மற்ற இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடத்தையும் நான் அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது. இந்த ஊரில் பிறந்த எவனும் சூடான ரொட்டியை வாங்கினால், வீடு போய்ச் சேர்வதற்குள் அதன் முனையைக் கிள்ளி வாயில் போடாமல் இருக்கமாட்டான். மதாம் ஒரு நாளும் கிள்ளியதில்லை. ஒரு பன், ஒரு ரஸ்க்? ம்ஹூம். ஞாயிறு பூசையில் எல்லோரும் நன்மை வாங்க, அதுதான் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம், வரிசையில் போகும்போது அவர் மட்டும் பெஞ்சிலேயே முழந்தாளிட்டு இருப்பார். எந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் வைத்திருக்கிறாரோ என்று கோயில் வாசலில் பெண்கள் முணுமுணுத்துக்கொள்வார்கள். என் காதும் அந்தப் பக்கம் சாய்ந்ததுண்டு. பொய் சொல்வானேன்.

ஊர்ப் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றினார்களே, அதற்கு அடுத்த வருடம், ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், என் வாய்க்கொழுப்பு தாங்காமல் கேட்டுவிட்டேன். "என்னா மதாம், நம்ம கடை ரொட்டி அவ்ளோ மட்டமாவா இருக்கு? ஒரு விள்ளல் வாயில வெச்சு நான் பாத்ததில்லியே?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குக் கோதுமை ஆகாது முசியே. சாப்ட்டா கொடல் புண்ணாயிடும். சீலியாக்னு பேரு. ரொட்டி, ரவை, மைதா, எதுவும் கூடாது. ஒரு சிட்டிகை பட்டாக்கூட ஒரு வாரம் படுக்கைதான். இன்னா வியாதின்னு கண்டுபிடிக்கவே எட்டு வருசம் ஆச்சு. அதுக்குள்ள பாக்க வந்தவங்கல்லாம், பொண்ணு நோஞ்சான்னு காப்பி குடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப நன்மை?" என்றேன்.

"அதுவும் கோதுமைதானே? சாமியார்கிட்ட சொன்னேன். உங்களுக்கு மட்டும் திராட்சரசம் தரேன்னாரு. எல்லார் முன்னாலயும் எனக்கு ஒரு தனிக் கிண்ணமா? வேணாம் சாமி, உக்காந்தே வேண்டிக்கிறேன்னுட்டேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "பின்ன எதுக்கு மதாம் தெனம் இந்த வெக்கையில வந்து உக்காருறீங்க? ரொட்டி வாங்க அஞ்சலாட்சிய அனுப்பலாமே?" அஞ்சலாட்சி அவர் வீட்டில் பதினோரு வருடமாகச் சமைக்கிறவள், வீராம்பட்டினத்துக்காரி.

"வாசனைக்குத்தான்" என்றார் மதாம். "சாப்பிடத்தான கூடாது?"

அப்புறம் பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மாடிப் பையனின் அம்மா பிரான்சிலிருந்து அனுப்பிய பத்திரிகையில் கிழித்தது. கோதுமையே இல்லாமல் செய்கிற மஃபின், அதற்குள் நீலநீலமாக மிர்த்தில் என்ற பழம். தோட்டத்தில் பறித்து அப்படியே போடுவார்களாம். மடிப்புகள் நைந்து தாள் நாலு துண்டாகப் போகிற நிலையில் இருந்தது. எத்தனை தடவை பிரித்துப் பார்த்திருப்பாரோ.

"மிர்த்திலுக்கு இந்த ஊர்ல எங்க போறது?" என்று சிரித்தார்.

"மிர்த்தில் இல்லாட்டி என்ன, நாவப்பழம் இருக்கு" என்றேன். "சீசன் இப்பதான ஆரம்பிக்குது? பொறுங்க."

வாய் சொல்லிவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். மைதாவை வைத்துக்கொண்டு என்னை எதையும் செய்யச் சொல்லுங்கள், தூக்கத்தில் செய்வேன். மைதா இல்லாமல் கேக் என்றால், அது சுண்ணாம்பு இல்லாமல் வீடு கட்டுகிற வேலை. அரிசி மாவுக்குப் பிடிமானம் கிடையாது.

மாவுக்கு முதலில் தெய்வசிகாமணியின் மில்லுக்குத்தான் போனேன். "காலையில மொத ஆளா ஒனக்குத்தான் அரைக்கிறேன்" என்றான். நேற்று கடைசியாக என்ன அரைத்தாய் என்று கேட்டால், கோதுமை என்கிறான். "ஒரு பிடி அரிசியப் போட்டுத் தள்ளிட்டா சரியாப்போச்சு." ஊரெல்லாம் அப்படித்தான் அரைக்கிறது. போன மாதம்வரை நானும் அப்படித்தான் அரைத்தேன். இப்போது அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, புது மிக்ஸி ஜார் வாங்கி, வீட்டிலேயே அரைத்து, புதுச் சல்லடையில் இரண்டு தடவை சலித்தேன். மில்காரன் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

முதல் தடவை செய்தது, தொட்டதும் புட்டாக உதிர்ந்தது. ஜவ்வரிசியைப் பொடித்துச் சேர்த்தேன். இரண்டாவது தடவை ஜவ்வுமிட்டாய் மாதிரி பல்லில் ஒட்டியது. பொடியைப் பாதியாகக் குறைத்து, ஒரு முட்டை கூடப் போட்டு, தயிர் ஊற்றி, கரைத்த மாவை அரைமணி நேரம் ஊறவைத்தபிறகு ஒரு வழியாக வடிவத்துக்கு வந்தது. அப்புறம் நாவல்பழம் தன் வேலையைக் காட்டியது. சோடா உப்பு பட்டதும் நாவலின் ஊதா, பாசிப் பச்சையாகிவிட்டது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே குளத்துப் படிக்கட்டு. சோடாவைக் குறைத்து, எலுமிச்சை பிழிந்து, நாவலைக் கொட்டை எடுத்துச் சர்க்கரையில் புரட்டிக் கடைசியில் சேர்த்தபோதுதான் ஊதா ஊதாவாக நின்றது.

அடுப்படியில் இருக்கும் கோவிந்தசாமி ஒவ்வொன்றையும் தின்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். "யாருக்குன்னு நான் கேக்கமாட்டேன் முதலாளி. ஆனா இந்த வயசுல இவ்ளோ எலுமிச்சம்பழம் புழியறவர நான் பாத்ததில்ல."

"வாய மூடிக்கிட்டுத் தின்னு."

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. அந்தத் திங்களன்று மாலை நாலு மணிக்கு மதாமை வரச் சொல்லியிருந்தேன். விடிந்ததும் கடைக்குப் போய்விட்டேன். மைதா மூட்டைகளைத் தூக்கிப் பின்கட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். தரையை மூன்று தடவை கழுவினேன். மேசை, அலமாரி, அலமாரியில் இருந்த டப்பாக்கள், கேக் வேகவைக்கிற சின்ன மின் அடுப்பு, எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன். பெரிய மார்க்கெட்டில் தனக்கொடியிடம் வாங்கின நாவல், ஒன்றுகூட அடிபடாதது. சோதனைக்குச் செய்ததையெல்லாம் காகிதக் கப்பில்தான் ஊற்றியிருந்தேன். மதாமுக்குக் காகிதமா என்று தோன்றியது. அப்பா காலத்துப் பிரியோஷ் பன் அச்சுகள், பாவாடை மடிப்பு மாதிரி வரிவரியாக இருக்கும், பன்னிரண்டு இருந்தன. அவற்றை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். வெண்ணெய் தடவி, தூவி, தட்டி, முக்கால் அளவுக்கு மாவை ஊற்றி, மேலே இரண்டிரண்டு நாவல் துண்டு வைத்து மின் அடுப்புக்குள் தள்ளினேன். அவை எழும்பி வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். டோனி பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் நான் அப்படி நிற்கவில்லை.

மதாம் வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். ஸ்டூலைத் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த நாற்காலியைப் போட்டேன். பீங்கான் தட்டில் இரண்டு வைத்துக் கொடுத்தேன்.

அவர் உடனே சாப்பிடவில்லை. கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் மேசையைத் துடைத்தேன். ஏற்கனவே துடைத்த மேசைதான், வேறு என்ன செய்வது?

"பதினாலு வருசம்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டாவதையும் சாப்பிட்டார். தட்டில் சிந்திய தூளை விரலால் ஒற்றி எடுத்தார். அந்த வயதில் ஒருத்தர் விரலை நக்குவதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

"மீதிய கட்டிக் குடுங்க. அஞ்சலாட்சிக்கு ஒண்ணு குடுத்துட்டு மிச்சத்த நானே ஒளிச்சு வெச்சுத் திங்கப்போறேன்" என்றார்.

உள்ளே போனேன். மற்ற பத்தையும் அச்சிலிருந்து கழற்றித் தட்டில் கவிழ்த்தேன். கவிழ்த்தபோதுதான் பார்த்தேன். ஒவ்வொன்றின் மடிப்பிலும் மெல்லிசாக வெள்ளைக் கோடு.

அச்சுக்கு வெண்ணெய் தடவினால் அதன்மேல் மைதாவைத் தூவி, கவிழ்த்துத் தட்டவேண்டும். அப்போதுதான் கேக் ஒட்டாமல் கழன்று வரும். ரொட்டிக்கடைக்காரன் பிள்ளைக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. தூவுவதற்காகவே பழைய பவுடர் டப்பா ஒன்றில் மைதாவை நிரப்பி மின் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், வலதுகைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருப்பேன். மூட்டைகளையெல்லாம் அப்புறப்படுத்தியவன், அந்த டப்பாவை வெளிப்பக்கம் சோப்புப் போட்டுத் துடைத்து அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறேன். இப்போது அதன்மேல் என் வெண்ணெய் விரல் இரண்டின் அச்சு பளபளவென்று இருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் தலைக்குத் தெரியாமல் என் கை செய்திருந்தது.

வெளியே மதாம் ஏதோ கோயில் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லவேண்டியதுதான். "மதாம், தப்பு நடந்துபோச்சு" என்று மூன்றே வார்த்தை. நான் போகவில்லை. சொன்னால் இந்த நாற்காலி, இந்தப் புடவை, பதினாலு வருடம் என்று சொன்ன அந்தக் குரல், எல்லாம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நாளைக்கு நாலு மணிக்கு அவர் வரமாட்டார். யார் வருவார்? மூன்றரைக்கு வந்து "ஆச்சா, ஆச்சா" என்கிறவர்கள் வருவார்கள். ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம், எத்தனை பொட்டு மைதா இருந்துவிடப்போகிறது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் தெரிந்தே மீதியைக் கட்டிக்கொடுக்கிற அளவுக்கு நான் சண்டாளன் இல்லை. தட்டைத் தூக்கினேன். தரையில் போட்டேன்.

சத்தம் கேட்டு மதாம் எட்டிப் பார்த்தார். பத்து மஃபினும் பீங்கான் சில்லோடு சில்லாகக் கிடந்தன.

"கை தவறிடுச்சு" என்றேன்.

ஒரு நிமிடம் முகம் வாடிவிட்டது. பிறகு சிரித்தார். "போவுது விடுங்க. அடுத்த திங்கக்கிழமை செய்யமாட்டீங்களா லூர்து?"

முசியே போய் லூர்து வந்துவிட்டது. எந்த நேரத்தில் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவர் வரவில்லை. புதன்கிழமை மாடிப் பையன்களில் ஒருவன் வந்து இரண்டு விரலைக் காட்டி ரொட்டி வாங்கினான். மதாம் எங்கே என்று கேட்டேன். "மதாம் மலாத்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினான். மலாத் என்றால் உடம்பு சரியில்லை. அது எனக்கும் தெரிந்த பிரெஞ்சுதான். வெள்ளிக்கிழமை நாலு இளநீரைக் கட்டிக்கொண்டு அவர் தெருமுனைவரை போனேன். வாசலில் இரண்டு செருப்பு கிடந்தது. யாரோ இருக்கிறார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்து, இளநீரைக் கோவிந்தசாமியிடம் கொடுத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பவுடர் டப்பா உட்பட. அவர், "அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றார். சொல்லிவிடுகிறேன் சாமி என்றேன். பரிகாரமாக ஐந்து பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். பத்தாகச் சொன்னேன். ஆண்டவரிடம் சொல்வது சுலபம். அவர் ரொட்டி வாங்க வருகிறவர் இல்லை, கோபித்துக்கொண்டு வராமல் போய்விடுவார் என்ற பயமும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமையும் கடைக்குப் போனேன். வருவார் என்று நினைத்துப் போகவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அதனால் போனேன். பவுடர் டப்பாவைக் காலிசெய்து கழுவிக் கவிழ்த்துவிட்டு, காகிதக் கப்பில் ஆறு மஃபின் செய்தேன். இந்தத் தடவை சத்தியமாகக் கோதுமை படாதது. நாலு மணிக்குக் குடை நிழல் வாசலில் விழுந்தது.

ஒரே வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்துச் சங்கிலி தொளதொளவென்று தொங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"பொழச்சிட்டேன் லூர்து" என்றார். "ஆனா வீடு காலியாயிடுச்சு. அஞ்சலாட்சிய அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"என் அடுப்படியில கோதுமைன்னா மாடிப் பசங்க திங்கற ரொட்டி மட்டும்தான். அத வெட்டுன கத்தியில எனக்குக் காய நறுக்கியிருக்கா. வேற எப்படி வந்துச்சு இது? கேட்டா, இல்லவே இல்லங்கறா. அம்மன் மேல சத்தியம் பண்றா. பதினோரு வருசம் கூட இருந்தவ, என் மொகத்தப் பாத்துப் பொய் சொல்றா. அதத்தான் என்னால தாங்க முடியல. வர்ற வெள்ளிக்கிழமை அவங்க ஊர்ல தேரு. வருசா வருசம் புடவை எடுத்துக் குடுப்பேன். எடுத்த புடவை பீரோவுலயே கெடக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழுதுக்கிட்டே போனா."

"என்மேல உங்களுக்குச் சந்தேகம் வரலியா மதாம்?"

"உங்கமேலயா?" என்று கேட்டுச் சிரித்தார். "தரைய மூணு தடவ கழுவுன மனுசன்மேலயா? இனிமே வெளியில ஒருத்தர் கையால சாப்புடறதுன்னா அது உங்க கையாலதான்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். மஃபின் தட்டு அவர் முன்னால் இருந்தது. நான் ஒன்றுமே செய்யவேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவர் சாப்பிடுவார், இந்தத் தடவை ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருவார். அவருக்கு வேறு யாரும் இல்லை, எனக்கும் வேறு யாரும் இல்லை. அந்த ஆசை எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதற்கும் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டிவரும். ஆனால் வீராம்பட்டினத்தில் ஒருத்தி, தேருக்கு ஊரே புதுத்துணி கட்டும்போது, செய்யாத தப்புக்கு அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பார்த்தே இராத அந்த முகம் என் கண்முன்னால் வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது.

"மதாம், அது அஞ்சலாட்சி இல்ல. நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. காலி டப்பாவை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். அச்சுக்கு மைதா தூவுகிற வழக்கத்தைச் சொன்னேன். கை தன்னால் போனதைச் சொன்னேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. பரிதாபப்படுகிறார் என்றுகூடத் தோன்றியது. எனக்கு உயிர் வந்தது.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

அங்கேயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் தெரிந்தது என்று சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. "அன்னிக்கே. கட்டிக் குடுங்கன்னீங்களே, அப்ப."

"அந்தத் தட்டு?"

"நான்தான் போட்டேன்."

அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "வீராம்பட்டினம் டெம்போ இப்ப கெடைக்குமா?"

"கெடைக்கும். நானும் வரட்டுமா மதாம்? அவகிட்ட நானே சொல்லிடறேன்."

"வேணாம் முசியே."

வெயிலில் மெதுவாக நடந்து போனார். அந்த ஆறு மஃபினையும் மறுநாள் நானும் கோவிந்தசாமியும் தின்றோம். இருந்ததிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது.

அடுத்து வந்த நாலு மணிகளையெல்லாம் எப்படி ஓட்டினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பொத்தானைச் சரிபார்ப்பேன். குடை எதைப் பார்த்தாலும் எட்டிப் பார்ப்பேன். மாடிப் பையன்கள் மாறி மாறி வந்து இரண்டு விரலைக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மதாமைப் பார்த்தேன், தள்ளி, தூண் ஓரத்தில் முழந்தாளிட்டு இருந்தார். நன்மைக்கு வரிசை எழுந்தபோது எனக்கும் எழுந்துபோக மனம் வரவில்லை, என் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தேர் முடிந்து நாலு நாள் கழித்து, நாலு மணிக்கு, ஒரு பெண் வந்து நின்றாள். அழுத்தமான மாம்பழ நிறத்தில் புதுப்புடவை. நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"பிரிஸ்கில்லாம்மா வீட்டுக்கு ரெண்டு நீட்டு ரொட்டி" என்றாள்.

அஞ்சலாட்சி. அத்தனை வருடத்தில் அன்றுதான் நேரில் பார்க்கிறேன். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனிமேல் ரொட்டி வாங்க இவள்தான் வருவாள் என்பதும் அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "மதாம் எப்படி இருக்காங்க?" என்றேன்.

"தேவலை. வந்து கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க, எங்க தெருவே வேடிக்க பாத்துச்சு. நீங்க சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும் முதலாளி."

"என்ன மன்னிச்சிடும்மா. என்னாலதான் உனக்கு இந்தக் கெட்ட பேரு."

"அது போவுது" என்று கையை வீசினாள். அப்புறம் போகாமல் நின்றாள். ஏதோ கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. "ஏன் முதலாளி, நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

நான் கல்லாவில் சில்லறையைத் தேடினேன்.

"மூணு வருசத்துக்கு முன்ன நானும் இப்படிப் பண்ணியிருக்கேன். ரசத்துல புதுசா வாங்குன கட்டிப் பெருங்காயத்தப் போட்டுட்டேன். அதுல கோதுமை மாவு கலப்பாங்களாமே, எனக்கு எங்க தெரியும்? அம்மா ரெண்டாவது டம்ளர் குடிச்சிட்டிருக்காங்க, அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்து டப்பாவ எடுத்துக்கிட்டு ஓடுனேன். அம்மா, இதப் படிச்சிச் சொல்லுங்க, தப்பா எதுனா போட்டுட்டனான்னு. படிச்சாங்க. சிரிச்சாங்க. 'போச்சுடி, மூணு நாளைக்கு நீதான் கஞ்சி வெக்கணும்'னாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அஞ்சு நாளு படுத்தாங்க, ஒரு வார்த்த என்னத் திட்டல. மறுபடி என் கையாலதான் சாப்ட்டாங்க. இந்தத் தடவ நான் மறைக்கறேன்னு நெனச்சுதான் அனுப்புனாங்க, தப்பு பண்ணேன்னு இல்ல." ரொட்டியைப் பையில் செருகிக்கொண்டாள். "அவங்க கொணம் ஒங்களுக்குத் தெரியாது, பாவம். ஐயோ மதாம், மாவு பட்டுடுச்சுன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, எந்திரிச்சு நடமாடுன அன்னிக்கு மொதல்ல இங்கதான் வந்திருப்பாங்க."

அவள் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அவர் வராமல் போய்விடுவாரோ என்று பயந்துதான் நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன் என்று அவளிடமாவது சொல்லிவிட நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் எழுவதற்குள், "சீக்கிரம் போவணும், அம்மா தனியா இருக்காங்க" என்று அவள் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.